கதையில் வந்தவனைத் தேடிப் போன போலீஸ்: சுதந்திரத்துக்குப் பிறகு கதையும் கவிதையும் செய்த வேலை

1987-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கென்யாவின் கிராமங்களில் ஒரு பெயர் அடிபட ஆரம்பித்தது. மாத்திகாரி என்று ஒருவன் ஊர் ஊராகப் போகிறானாம், உண்மையும் நீதியும் எங்கே கிடைக்கும் என்று எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் கேட்கிறானாம். உளவுத்துறை இந்தப் பேச்சை மேலிடத்துக்குத் தெரிவித்தது. அந்த ஆளைப் பிடியுங்கள் என்று உத்தரவு வந்தது. போலீஸ் தேடிப் போன பிறகுதான் தெரிந்தது, அப்படி ஓர் ஆளே இல்லை, அவன் ஒரு நாவலில் வருகிறவன் என்று. முந்தைய ஆண்டு கிக்குயு என்ற கென்ய மொழியில் வெளிவந்த அந்த நாவலைப் படித்தவர்களும், பிறர் படிக்கக் கேட்டவர்களும், அடுத்த தெருக்காரனைப் பற்றிப் பேசுவதுபோல அவனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பிப்ரவரியில் போலீஸ் புத்தகக் கடைகளுக்குப் போய், இருந்த பிரதிகளை எல்லாம் எடுத்துக்கொண்டு போனது.

நாவலை எழுதியவர் கூகி வா தியாங்கோ. நாவலின் ஆங்கிலப் பதிப்புக்கு எழுதிய முன்குறிப்பில் அவரே இந்தச் சம்பவத்தைச் சொல்லியிருக்கிறார். இலக்கியம் சமூகத்தை விமர்சிக்கிறது என்றால் என்ன என்று இலக்கியத்துக்குப் புதியவர்கள் யாராவது என்னிடம் கேட்டால், நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். ஒரு கற்பனை மனிதன் கேட்ட கேள்விக்கு ஓர் அரசு ஏன் அவ்வளவு பதறியது? அந்தப் பதற்றத்தின் காரணம் புரிந்தால் மீதியும் புரிந்துவிடும்.

"சமூக விமர்சனம்" என்ற சொல்லைக் கேட்டதும் பலருக்கும் மேடைப் பேச்சுதான் நினைவுக்கு வருகிறது. ஊழல் ஒழிக, வறுமை ஒழிக என்று கதைக்குள் யாராவது முழங்க வேண்டும் என்று நினைக்கிறோம். உண்மையில் முழக்கம் போட்ட கதைகள்தான் சீக்கிரம் மறந்துபோகின்றன. பத்திரிகைச் செய்தி நடந்ததைச் சொல்லும். மனு, வேண்டியதைக் கேட்கும். கதையும் கவிதையும் செய்வது வேறு. நாம் தினமும் பார்த்துப் பார்த்துப் பழகி, இது இப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்ட ஒன்றை, முதல்முறை பார்ப்பதுபோலப் பார்க்கவைக்கின்றன. பார்த்த பிறகு, இது ஏன் இப்படி இருக்கிறது என்று வாசகர் தானாகவே கேட்க ஆரம்பிக்கிறார். கேள்வி அவருடையதாகிவிடுகிறது. பிரதியைப் பறிமுதல் செய்தாலும் அந்தக் கேள்வியைப் பறிமுதல் செய்ய முடியாது.

கொடி மாறிய பிறகு

அந்நியர் ஆட்சியிலிருந்து விடுபட்ட நாடுகளை விமர்சகர்கள் பின்காலனிய நாடுகள் என்கிறார்கள். "பின்" என்பதைப் பார்த்து, எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. கொடி ஒரே இரவில் இறங்கிவிடும். நிலப் பதிவேடு, போலீஸ் சட்டம், பள்ளிப் பாடத்திட்டம், அலுவலகத்தில் புழங்கும் மொழி எல்லாம் அப்படியே இருக்கும். நாற்காலிகளும் அப்படியே இருக்கும், உட்காரும் ஆள்தான் மாறுவார்.

கென்யாவை எடுத்துக்கொள்வோம். அங்கே வளமான மேட்டு நிலங்களைப் பிரிட்டிஷ் ஆட்சி வெள்ளைக்காரர்களுக்கென்று ஒதுக்கியிருந்தது. அந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாகப் பயிர்செய்தவர்கள் அதே நிலத்தில் கூலிகளானார்கள். நிலத்தைத் திரும்பக் கேட்டு ஒரு பெரும் எழுச்சி நடந்தது. மௌ மௌ என்று வரலாறு அதைச் சொல்கிறது. 1952 அக்டோபரில் அவசரநிலை அறிவித்தார்கள். ஆயிரக்கணக்கானவர்களைத் தடுப்பு முகாம்களில் அடைத்தார்கள். கூகி அப்போது பள்ளி மாணவர். 1955-இல் உறைவிடப் பள்ளியில் சேர்ந்து, முதல் பருவம் முடிந்து விடுமுறைக்கு வீட்டுக்கு வருகிறார். வீட்டைக் காணவில்லை. வீடு மட்டுமில்லை, ஊரே இல்லை. வீடுகளை இடித்துவிட்டு, மக்களைப் பாதுகாப்புக் கிராமம் என்ற பெயரில் வேறோர் இடத்தில் மொத்தமாகக் குடியேற்றியிருந்தார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் ஊர் இருந்த மேட்டில் நிற்கும் அந்தப் பையனை மனத்தில் வைத்துக்கொண்டால், அவர் எழுதிய நாவல்களில் வீடு என்ற சொல் ஏன் அவ்வளவு கனக்கிறது என்பது விளங்கும்.

1963 டிசம்பர் 12-ஆம் தேதி சுதந்திரம் வந்தது. சுவாஹிலி மொழியில் அதற்கு உஹுரு என்று பெயர். நிலம் இனி நமக்கு என்று ஜனங்கள் காத்திருந்தார்கள். வெள்ளைக்காரர்கள் விட்டுப் போன பண்ணைகள் விலைக்கு வந்தன. விலைக்கு என்றால் யார் வாங்க முடியும்? கையில் பணம் உள்ளவர், வங்கிக் கடனுக்குச் சிபாரிசு உள்ளவர், அமைச்சரைத் தெரிந்தவர். காட்டில் போராடியவர்களிடம் இவை எதுவும் இல்லை. இந்தப் புதுப் பணக்காரர்களுக்கு ஜனங்களே ஒரு பெயர் வைத்தார்கள்: வாபென்ஸி. சுவாஹிலியில் "வா" என்பது ஒரு கூட்டத்தாரை, ஓர் இனத்தாரைக் குறிக்கும் முன்னொட்டு. வாபென்ஸி என்றால் பென்ஸ் கார் வம்சத்தார். எந்த எழுத்தாளரும் உட்கார்ந்து யோசித்து உண்டாக்கிய சொல் இல்லை இது, தெருவில் பிறந்தது. விமர்சனம் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது. முதலில் மக்கள் வாயில் ஒரு சொல்லாக, கிண்டலாக, பாட்டாக வருகிறது. அப்புறம்தான் ஓர் எழுத்தாளர் அதைக் கையில் எடுத்துக் கதையாக வளர்க்கிறார்.

ஒரு தச்சரும் ஓர் எம்.பி.யும்

கூகியின் மூன்றாவது நாவல் "எ கிரெய்ன் ஆஃப் வீட்", ஒரு கோதுமை மணி. 1967-இல் வந்தது. சுதந்திர நாளுக்கு முந்தைய நான்கு நாட்களில் ஒரு கிராமத்தில் நடக்கும் கதை. அதில் கிகோன்யோ என்று ஒரு தச்சர் வருகிறார். ஆறு வருடம் தடுப்பு முகாமில் கிடந்து திரும்பியவர். ஊர் பக்கத்தில் பர்ட்டன் என்ற வெள்ளைக்காரர் தன் பண்ணையை விற்றுவிட்டு இங்கிலாந்துக்குப் போகப்போகிறார் என்று கேள்விப்படுகிறார். இவரும் இன்னும் சிலரும் சேர்ந்து அதை வாங்கலாம் என்று முடிவு செய்கிறார்கள். கையில் உள்ள பணம் போதாது. அரசுக் கடன் கிடைக்குமா என்று கேட்கத் தங்கள் எம்.பி.யைப் பார்க்க நைரோபிக்குப் போகிறார்.

அலுவலகத்தில் கூட்டம் காத்திருக்கிறது. எம்.பி. எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. ஒருவழியாக வருகிறார். நன்றாகத்தான் பேசுகிறார். கடன் கிடைப்பது சுலபமில்லை, இருந்தாலும் பார்க்கிறேன் என்கிறார். கிகோன்யோ நம்பிக்கையோடு ஊர் திரும்புகிறார். சில நாட்கள் கழித்துத் தெரியவருகிறது, பண்ணை கைமாறிவிட்டது என்று. வாங்கியவர் அந்த எம்.பி.தான்.

இவ்வளவுதான் சம்பவம், நாவலில் சில பக்கங்கள். "பாருங்கள், புதிய ஆட்சியாளர்கள் எவ்வளவு மோசம்" என்று கூகி ஒரு வரிகூட எழுதவில்லை. எம்.பி.யை வில்லனாகவும் வரையவில்லை. கையைக் குலுக்கி, சிரித்து, பார்க்கலாம் என்று சொல்லும் சாதாரண மனிதர் அவர். நமக்கு அப்படிப்பட்டவர்களைத் தெரியும். பண்ணை வேண்டும் என்று கேட்கப் போனவர், அது விற்பனைக்கு வந்திருக்கிறது என்ற தகவலைத் தன் வாயாலேயே வாங்கப்போகிறவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறார் என்பதை யோசித்துப் பாருங்கள். எனக்கு முதல் வாசிப்பில் இது உறைக்கவே இல்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது சட்டென்று உறைத்தது. கதைக்குள் விமர்சனம் நிகழ்கிற இடம் அதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. சுதந்திரம் வந்து நான்கு வருடம்கூட ஆகாதபோது இதை எழுதுவதற்குத் துணிவு வேண்டும். வெள்ளைக்காரரைக் குறை சொல்வது அப்போது எளிது, எல்லோரும் கைதட்டுவார்கள். நம்மவரைக் குறை சொன்னால், இப்போதுதானே பிறந்த நாடு, அதற்குள் ஏன் வீட்டுச் சண்டையைத் தெருவுக்குக் கொண்டுவருகிறாய் என்று கேட்பார்கள். அந்நியர் ஆட்சியிலிருந்து விடுபட்ட நாடுகளின் இலக்கியம் பலவற்றிலும் இந்தத் திருப்பத்தைப் பார்க்கலாம். முதல் தலைமுறை நாவல்கள், வெள்ளைக்காரர் வருமுன் நாங்கள் மனிதர்களாகத்தான் வாழ்ந்தோம் என்று சொல்கின்றன. அடுத்து வருபவை, அவர்கள் போன பிறகு நாம் என்ன செய்தோம் என்று கேட்கின்றன. சில சமயம் ஒரே எழுத்தாளர் இரண்டையும் செய்கிறார்.

நைஜீரியாவின் சினுவா அச்செபே அப்படிப்பட்டவர். இக்போ மக்களின் பழைய வாழ்க்கை உடைந்த கதையை 1958-இல் எழுதினார். என்.கே. மகாலிங்கம் தமிழாக்கத்தில் "சிதைவுகள்" என்று நமக்குக் கிடைப்பது அந்த நாவல்தான். எட்டு வருடம் கழித்து, 1966 ஜனவரியில், ஓர் ஊழல் அமைச்சரைப் பற்றிய நாவலை வெளியிட்டார். அது ராணுவப் புரட்சியில் முடிகிறது. புத்தகம் வந்த அதே ஜனவரியில், 15-ஆம் தேதி, நைஜீரியாவில் நிஜமாகவே ராணுவப் புரட்சி நடந்தது. முன்கூட்டியே தெரிந்துதான் எழுதினாரோ என்று அவர்மேல் சந்தேகம்கூட வந்தது. அவருக்கு எந்தச் சதியும் தெரியாது. நாடு எந்தப் பக்கம் சரிகிறது என்று கவனித்துப் பார்த்திருந்தார். அந்த நாவலில் ஓர் உவமை வரும். நேற்றுவரை எல்லோரும் மழையில்தான் நின்றோம். அப்புறம் கெட்டிக்காரர்களும் அதிர்ஷ்டசாலிகளும் முண்டியடித்து, வெள்ளைக்காரர் விட்டுப் போன ஒரே கூரைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். உள்ளே இருந்துகொண்டு வெளியே நனைகிறவர்களைப் பார்த்து, சத்தம் போடாதீர்கள், ஒற்றுமையாக இருங்கள் என்கிறார்கள். பின்காலனிய நாட்டின் அரசியலை இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் படித்ததில்லை.

லாவினோவின் பூசணி

இதுவரை கதை. கவிதை இதை எப்படிச் செய்கிறது?

கென்யாவை ஒட்டிய நாடு உகாண்டா. அங்கே 1962 அக்டோபர் 9-இல் சுதந்திரம். ஓகோட் பிடெக் என்ற கவிஞர் அங்கே இருந்தார். நல்ல கால்பந்து வீரர், 1956-இல் உகாண்டா அணியோடு பிரிட்டனுக்கு விளையாடப் போனவர், பிறகு அங்கேயே படித்தவர். தன் தாய்மொழியான அச்சோலியில் ஒரு நெடுங்கவிதை எழுதி, தானே ஆங்கிலத்தில் ஆக்கி, 1966-இல் வெளியிட்டார். "சாங் ஆஃப் லாவினோ", லாவினோவின் பாட்டு.

லாவினோ ஒரு கிராமத்துப் பெண். அவள் கணவன் ஓச்சோல் நிறையப் படித்தவன். அவனுக்கு இப்போது மனைவியைப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. நகரத்துப் பழக்கம் கொண்ட இன்னொரு பெண்ணிடம் மனம் போய்விட்டது. லாவினோ தன் சொந்தபந்தங்களைக் கூப்பிட்டு நடுவில் நின்று நியாயம் கேட்கிறாள். கவிதை முழுக்க அவள் பேச்சுதான். நம் ஊரில் ஒரு பெண் வாசலில் நின்று, "நீங்களே சொல்லுங்க, இது நியாயமா?" என்று ஊரைக் கூட்டுவாளே, அந்தக் குரல். கோபம் இருக்கும், அழுகை இருக்கும், கேலி இருக்கும், இன்னமும் விடாத பிரியமும் இருக்கும்.

கடிகாரம் பார்க்கத் தெரியவில்லை என்று கணவன் திட்டுகிறான். அவள் கேட்கிறாள், குழந்தைக்குப் பசித்தால் அழும், அழுதால் பால் கொடுக்க வேண்டும், இதற்கு எதற்குக் கடிகாரம்? அவன் வீட்டு அடுப்பு அவளுக்குப் பயமாக இருக்கிறது. அவள் அம்மாவின் அடுப்படி எப்படி இருந்தது, எந்தப் பாத்திரம் எங்கே இருந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். வாசிக்கிறவர் இவளைப் பட்டிக்காடு என்று நினைத்துச் சிரிக்க ஆரம்பித்து, கொஞ்ச நேரத்தில் அவள் பக்கம் நின்றுவிடுகிறார்.

திரும்பத் திரும்ப ஒரு பழமொழி வருகிறது: பழைய வீட்டு மனையில் உள்ள பூசணியைப் பிடுங்காதே. அச்சோலி மக்கள் ஒரு மனையை விட்டு வேறு இடம் போனாலும் அங்கே பூசணிக் கொடி தானாக வளர்ந்துகொண்டிருக்கும். இலையும் உதவும், காயும் உதவும். போகிற போக்கில் அதைப் பிடுங்கிப் போடுவதால் யாருக்கும் ஒரு லாபமும் இல்லை. புதிய வீட்டுக்குப் போக வேண்டாம் என்று லாவினோ சொல்லவில்லை. இதைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டு, பழமையைப் பிடித்துத் தொங்கும் கவிதை என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது ஒப்புதல் இல்லை. அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: நீ புதியதைக் கற்றுக்கொள், அதற்காக என்னை ஏன் மிதிக்கிறாய்?

பிறகு அவள் பேச்சு வீட்டை விட்டு வெளியே போகிறது. ஓச்சோல் ஒரு கட்சி, அவன் கூடப்பிறந்த தம்பி எதிர்க்கட்சி. சுதந்திரம் ஒற்றுமை கொண்டுவரும் என்றார்கள், ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் பேசிக்கொள்வதில்லை. அந்தப் பகுதியில்தான் அந்தப் படிமம் வருகிறது. சுதந்திரம் ஒரு பெரிய காட்டெருமைபோல விழுகிறது. வேட்டைக்காரர்கள் பளபளக்கும் கத்திகளோடு ஓடி வருகிறார்கள். உன் நெஞ்சு ஒடுங்கியதாக இருந்தால் உன்னைத் தள்ளிவிடுவார்கள். உன் கத்தி மழுங்கியதாக இருந்தால் சாணி அப்பிய முழங்கையோடு வெறுங்கையாக வீடு திரும்புவாய். உன்னைப் பார்த்து நாய்கள் குரைக்கும்.

ஒரு பொருளாதாரக் கட்டுரை இருபது பக்கத்தில் சொல்வது இதற்குள் இருக்கிறது. வளம் இருந்தது, பங்கு போட்டார்கள், பலம் உள்ளவர்களுக்குக் கிடைத்தது என்பதெல்லாம் சரி. கட்டுரை சொல்லாத ஒன்றும் இதில் இருக்கிறது: அந்தச் சாணி. வெறுங்கையோடு திரும்பியவனின் அவமானம். அவன் சொந்த ஊர் நாய்க்குக்கூட அவனை அடையாளம் தெரியவில்லை. மனிதர்கள் ஏழ்மையை எப்படி உணர்கிறார்கள் என்பது இந்த ஒரு படிமத்தில் வந்துவிடுகிறது. லாவினோவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதையும் மறக்க வேண்டாம். படித்தவர்கள் யாரும் சொல்லாததை அவள் வாயில் வைத்ததே ஒரு விமர்சனம்.

எந்த மொழியில் சொல்வது

இனி வருவதுதான் எனக்கு மிகவும் நெருக்கமான பகுதி.

கூகி படித்த பள்ளியில் தாய்மொழி பேசுவது குற்றம். காலையில் ஒரு மாணவனிடம் ஒரு பொத்தானைக் கொடுப்பார்கள். கிக்குயு பேசும் பையனைப் பிடித்தால் அவனிடம் அதைத் தள்ளிவிட வேண்டும். அவன் அடுத்துப் பேசுகிறவனிடம் தள்ளுவான். சாயங்காலம் யாரிடம் பொத்தான் இருக்கிறதோ அவனை விசாரிப்பார்கள்: உனக்கு யார் கொடுத்தது? அவனுக்கு யார் கொடுத்தது? இப்படியே நூல் பிடித்துப் போய் அன்றைக்குத் தாய்மொழி பேசிய அத்தனை பேரையும் கண்டுபிடிப்பார்கள். பிரம்படி விழும். நான் ஒரு முட்டாள் என்று எழுதிய தகட்டைக் கழுத்தில் மாட்டிவிடுவதும் உண்டு. தண்டனையைவிட மோசமானது, பிள்ளைகளே ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்கப் பழகியது.

இதைப் படித்தபோது எனக்கு என் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது. பிரம்படி இல்லை. வகுப்புத் தலைவனிடம் ஒரு நோட்டு இருந்தது. யார் தமிழில் பேசினாலும் அதில் பெயர் ஏறும், ஒரு பெயருக்கு ஒரு ரூபாய். மதியச் சாப்பாட்டு நேரத்தில்கூட நாங்கள் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டிருக்கிறோம், ஏனென்றால் "கொஞ்சம் ஊறுகாய் தா" என்பதை ஆங்கிலத்தில் எப்படிக் கேட்பது என்று யாருக்கும் தெரியாது. கென்யாவுக்கும் நமக்கும் இடையில் கடல் இருக்கிறது, பிரிட்டிஷ் ஆட்சி போய் இரண்டு இடத்திலும் வருடங்கள் ஆகிவிட்டன. அந்தப் பொத்தானும் இந்த நோட்டும் ஒன்றுதான்.

கூகி தொடக்கத்தில் ஆங்கிலத்தில்தான் எழுதினார். யாரைப் பற்றி எழுதினாரோ அந்தத் தச்சரால், அந்தக் கூலிப் பெண்ணால் அதைப் படிக்க முடியாது. 1976-இல் ஒரு நாள் காலை காமிரித்து கிராமத்துப் பெண் ஒருவர் அவர் வீட்டுக்கு வந்தார். நீங்கள் நிறையப் படித்தவர், புத்தகமெல்லாம் எழுதுகிறீர்கள் என்கிறார்களே, அந்தப் படிப்பில் கொஞ்சத்தை இந்த ஊருக்கும் கொடுத்தால் என்ன என்று கேட்டார். ஒருமுறை கேட்டுவிட்டுப் போய்விடவில்லை, திரும்பத் திரும்ப வந்து கேட்டார். அது கூகி பிறந்த ஊர்.

அதிலிருந்து பிறந்தது ஒரு நாடகம். கூகி வா மிரீ என்ற இன்னொருவரோடு சேர்ந்து கிக்குயு மொழியில் எழுதியது. "இஷ்டப்பட்டால் கல்யாணம் செய்துகொள்வேன்" என்று தலைப்புக்குப் பொருள். மையத்தில் கிகூண்டா என்ற பண்ணைத் தொழிலாளி. அவருக்கு ஒன்றரை ஏக்கர் நிலம் இருக்கிறது. அதன் பத்திரத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார். நம் வீடுகளில் சாமி படம் மாட்டும் இடத்தில் ஒரு பத்திரம். பணக்கார முதலாளி ஒருவர் அந்த நிலத்தின்மேல் கண் வைக்கிறார், வெளிநாட்டுக் கம்பெனியோடு சேர்ந்து தொழிற்சாலை கட்ட. நீங்கள் சர்ச்சில் முறைப்படி கல்யாணம் செய்துகொள்ளவில்லையே என்று ஆரம்பித்து, அந்தச் செலவுக்குக் கடன் வாங்கவைத்து, பத்திரத்தை அடமானமாக்கி, கடைசியில் நிலத்தைப் பறிக்கிறார்கள். நாடகம் முழுக்கச் சுவரில் தொங்கும் அந்தப் பத்திரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும் பார்வையாளருக்கு, அது இறங்கும்போது நெஞ்சு அடைக்காதா?

நடித்தவர்கள் அந்த ஊர் விவசாயிகளும், லிமுரு செருப்புத் தொழிற்சாலைத் தொழிலாளர்களும், தோட்டக் கூலிகளும். ஒத்திகை திறந்தவெளியில் நடந்தது. பார்க்க வந்தவர்கள், வயசானவர் இப்படிப் பேசமாட்டார், இந்தப் பாட்டின் மெட்டு தப்பு என்று திருத்தினார்கள். ஆலைக்குள் என்ன நடக்கிறது என்பதை ஆலையில் வேலை பார்த்தவர்களே சொல்லி வசனத்தைச் சரிசெய்தார்கள். 2000 பேர் உட்காரும் அரங்கை ஊரார் தங்கள் கையாலேயே கட்டினார்கள்.

1977 அக்டோபர் 2-ஆம் தேதி அரங்கேற்றம். நவம்பர் 16-ஆம் தேதி அனுமதி ரத்து. டிசம்பர் 31-ஆம் தேதி நள்ளிரவில் கூகி கைது. விசாரணை இல்லை, குற்றச்சாட்டு இல்லை. காமிட்டி சிறையில் அவர் பெயர் போய் கே6,77 என்ற எண் வந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அதே 1977 ஜூலையில் கூகியின் ஆங்கில நாவல் ஒன்று வந்திருந்தது. அதுவும் புதிய பணக்காரர்களையும் நிலப் பறிப்பையும் கடுமையாகத் தாக்கும் நாவல்தான். அதை வெளியிட்டு வைத்தவர் நாட்டின் நிதியமைச்சர் முவாய் கிபாக்கி. ஆங்கிலத்தில் எழுதினால் அமைச்சர் வந்து விழாவில் வெளியிடுவார். கிக்குயுவில் நாடகம் போட்டால் சிறை. சொன்ன விஷயம் ஒன்றுதான், கேட்ட காதுகள்தான் வேறு. ஓர் இலக்கியப் படைப்பு என்ன சொல்கிறது என்று பார்ப்பதோடு, யாருக்குக் கேட்கும்படி சொல்கிறது என்றும் பார்க்க வேண்டும் என்று நான் நினைப்பதற்கு இந்த ஆறு மாதங்களே போதும்.

சிறையில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். இனி நாவலையும் கிக்குயுவிலேயே எழுதுவது. காகிதம் கிடைக்கவில்லை. கழிப்பறைக் காகிதம் கிடைத்தது. கைதிகளுக்கென்று கொடுக்கும் முரட்டுக் காகிதம் அது. உடம்புக்கு அது உறுத்தியது, பேனாவுக்கு நன்றாக இருந்தது. அதிலேயே ஒரு முழு நாவலை எழுதினார். 1978 டிசம்பர் 12, சுதந்திர நாளன்று விடுதலையானார். நாவல் 1980-இல் வெளிவந்தது. தமிழில் "சிலுவையில் தொங்கும் சாத்தான்" என்ற பெயரில் வந்திருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம்.

அதில் ஒரு போட்டி நடக்கிறது. நாட்டின் சிறந்த திருடர் யார், கொள்ளைக்காரர் யார் என்று தேர்ந்தெடுக்கும் போட்டி. தொழிலதிபர்களும் நில முதலாளிகளும் மேடையேறி, தாங்கள் எப்படித் திருடினோம், இனி எப்படித் திருடப்போகிறோம் என்று பெருமையாக விளக்குகிறார்கள். ஒருவர் மண்ணை டப்பாவில் அடைத்து விற்கலாம் என்கிறார், காற்றையும் அடைத்து விற்கலாம் என்கிறார். இன்னொருவர், வீட்டு வாடகை தாங்காத மக்களுக்குப் பறவைக் கூடு அளவில், தலையை மட்டும் நுழைத்துக்கொள்ளும் வீடு கட்டி விற்கலாம் என்கிறார். சிரிப்பு வரும். இன்று தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கிக் குடித்துக்கொண்டே அதைப் படிக்கும்போது சிரிப்பு நின்றுவிடும். நம்ப முடியாத அளவுக்கு ஒன்றைப் பெரிதாக்கி, அது ஏற்கெனவே நடப்பதுதான் என்று உணரவைக்கும் இந்த முறை வாய்மொழிக் கதைகளில் காலங்காலமாக உள்ளது. கூகி அதை அங்கிருந்துதான் எடுத்தார்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். கூகியின் பிந்தைய நாவல்களில் நல்லவர்கள் சில சமயம் நீளமாகப் பிரசங்கம் செய்கிறார்கள். கிகோன்யோ எம்.பி. அலுவலகத்தில் காத்திருக்கும் பக்கங்களில் உள்ள அமைதி அவற்றில் இல்லை. கேட்கப்போகிறவர்கள் மாறியதால் குரல் உயர்ந்தது என்று நான் புரிந்துகொள்கிறேன். ஆயினும் கலையாகப் பார்த்தால் 1967-இல் வந்த அந்த நாவலே எனக்கு உயர்ந்தது.

மாத்திகாரி, "சிலுவையில் தொங்கும் சாத்தா"னுக்கு அடுத்து வந்த நாவல். சுதந்திரப் போர் முடிந்து காட்டிலிருந்து ஒருவன் வெளியே வருகிறான். ஆயுதங்களை ஓர் அத்தி மரத்தடியில் புதைத்துவிட்டு, தான் கட்டிய வீட்டுக்குத் திரும்புகிறான். வீட்டில் வேறு ஆள் இருக்கிறார்கள்: பழைய வெள்ளை முதலாளியின் மகனும், அந்த முதலாளியிடம் வேலை பார்த்தவரின் மகனும். கட்டியவனுக்கு வாசலில் நிற்க இடமில்லை. மழையில் நின்றவர்களும் கூரைக்குள் புகுந்தவர்களும் இங்கே மறுபடி வருகிறார்கள். அதனால்தான் இவன் ஊர் ஊராகப் போய்க் கேட்கிறான், உண்மையும் நீதியும் எங்கே கிடைக்கும் என்று. தொடக்கத்தில் சொன்ன போலீஸ் தேடியது இவனைத்தான். கூகி அப்போது நாட்டில் இல்லை. 1982-இல் காமிரித்து அரங்கைப் போலீஸ் இடித்துத் தரைமட்டமாக்கியது, அந்த ஆண்டிலிருந்தே அவர் வெளிநாட்டில் இருந்தார். 2025 மே 28-ஆம் தேதி, 87-ஆம் வயதில், அமெரிக்காவில் இறந்தார்.

இந்த நூல்களில் எதையாவது முதல்முறை கையில் எடுக்கிறீர்கள் என்றால், நாட்டின் வரலாறு முழுதும் தெரிந்துகொண்டுதான் படிக்க வேண்டும் என்று தயங்க வேண்டாம். ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள், போதும். சுவரில் தொங்கும் பத்திரம், பழைய மனைப் பூசணி, பென்ஸ் கார், ஒரு பொத்தான். அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டே போங்கள். வரலாறு தானாகப் பின்னால் வரும்.

கழிப்பறைக் காகிதத்தில் எழுதிய அந்த நாவல் வெளிவந்தபோது, அதை வாங்கியவர்களில் பலர் தனியாக உட்கார்ந்து படிக்கவில்லை. வீட்டில் எழுத்துத் தெரிந்த பிள்ளை ஒன்று உரக்கப் படிக்க, குடும்பமே சுற்றி உட்கார்ந்து கேட்டது. மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் தொழிலாளர்கள் கூடிப் படித்தார்கள். பேருந்துகளில் படித்தார்கள். மதுக்கடைகளிலும் படித்தார்கள். அங்கே நன்றாக வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர் எழுந்து ஆரம்பிப்பார், கடை முழுக்க அமைதியாகும். கதை முக்கியமான இடத்துக்கு வரும்போது அவர் கோப்பை காலியாகியிருக்கும். அவர் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுவார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் யாராவது அவசரமாக இன்னொரு கோப்பைக்குச் சொல்வார்கள். அது வந்த பிறகு மறுபடி வாசிப்பு தொடரும்.